வெளியூரில் அட்மிட் ஆக நேர்ந்தால்: மெடிக்ளெய்ம் பாலிசியை எப்படிப் பயன்படுத்துவது?

சென்னையில் எடுத்த மெடிக்ளெய்ம் பாலிசி காசியில் செல்லுமா? பாலிசி எடுத்த புதிதில் பெரும்பாலோர் கேட்பது இதைத்தான். செல்லும். தனிநபர் பாலிசியோ, ஒரே தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டரோ, அலுவலகம் கொடுத்த குரூப் பாலிசியோ, இந்தியாவுக்குள் எந்த ஊரில் அட்மிட் ஆனாலும் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. ஆனால் பில்லில் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பது நான்கு விஷயங்களில் அடங்கியிருக்கிறது: எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், எந்த அறை எடுத்தீர்கள், கேஸ் ஷீட்டில் என்ன எழுதினார்கள், நிறுவனத்துக்கு எப்போது தகவல் சொன்னீர்கள். சொந்த ஊரில் இவற்றைத் தெரிந்தவர்களை வைத்துச் சமாளித்துவிடலாம். மொழி தெரியாத ஊரில், ராத்திரி இரண்டு மணிக்கு, கேஷுவாலிட்டி வாசலில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ள முடியாது. அதனால் பாதி வேலை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

பாலிசி ஆவணத்தை எடுங்கள். முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் ஷெட்யூல் பக்கத்தையும், அதோடு தரும் வாடிக்கையாளர் தகவல் தாளையும் மட்டுமாவது படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. "சிங்கிள் பிரைவேட் ஏ.சி. ரூம்" என்றிருக்கலாம், "காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம்" என்றிருக்கலாம், வரம்பே இல்லாமலும் இருக்கலாம். இதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் கணக்கோடு சொல்கிறோம்.

அடுத்தது ஜோன். சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, முகவரியை வைத்துப் பிரீமியம் வாங்குகின்றன. டெல்லி, மும்பை போன்ற நகரங்கள் செலவு அதிகமான மண்டலத்தில் இருக்கும். தென்காசி, பெரம்பலூர் முகவரிக்குப் பிரீமியம் குறைவு. குறைந்த மண்டலத்துப் பாலிசியோடு மும்பையில் சிகிச்சை எடுத்தால், பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும் என்று சில பாலிசிகளில் நிபந்தனை உண்டு. இதற்குப் பெயர் கோ-பே. விபத்துக்கும் இது பொருந்துமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாலு நாள் சுற்றுலாவுக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் மகன் வீட்டில் தங்கப் போகும் பெற்றோர் என்றால், கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் பேசி, அந்த ஊருக்கும் கோ-பே இல்லாத பாலிசியாக மாற்ற முடியுமா என்று கேட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, காத்திருப்புக் காலம். புதிய பாலிசியில் முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறு எதற்கும் பணம் கிடைக்காது. யாத்திரைக்கு ஒரு வாரம் முன்பு அவசரமாகப் பாலிசி எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மலையில் வழுக்கி விழுந்தால் பாதுகாப்பு உண்டு, நிமோனியா வந்தால் இல்லை. ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் போன்றவற்றுக்குக் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம். உங்கள் பாலிசியில் எவ்வளவு என்று பாருங்கள்.

பிறகு நிறுவனத்தின் இணையதளத்திலோ ஆப்பிலோ, நீங்கள் தங்கப் போகும் ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு நெட்வொர்க் ஆஸ்பத்திரிகளை, அதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளைத் தேடி, பெயரும் பகுதியும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், போன வருடம் பார்த்ததை நம்ப வேண்டாம். அதே இணையதளத்தில் விலக்கப்பட்ட ஆஸ்பத்திரிகள் என்று இன்னொரு பட்டியலும் இருக்கும். அதில் உள்ள இடத்தில் சேர்ந்தால், விபத்திலோ உயிருக்கு ஆபத்தான நிலையிலோ, உடல்நிலை சீராகும் வரை ஆன செலவு மட்டும்தான் கிடைக்கும். மற்றபடி எதுவும் கிடைக்காது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல், வடக்கே ஆஸ்பத்திரிப் படிவங்களில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். ஆதாரில் "முருகன் எஸ்", பாலிசியில் "எஸ். முருகன்", ஆஸ்பத்திரி ரெஜிஸ்டரில் "முருகன் செல்வம்" என்று மூன்று பெயர் விழும். சில இடங்களில் அப்பா பெயரையே நோயாளியின் பெயராக எழுதிவிடுகிறார்கள். க்ளெய்ம் பார்ப்பவர் இது ஒரே ஆள்தானா என்று கேள்வி கேட்டுக் கோப்பை நிறுத்திவைப்பார். ஆதாரும் பாலிசியும் ஒரே மாதிரி இருக்கும்படி முன்பே திருத்திக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் பதியும்போது வாயால் சொல்லாமல் ஆதார் அட்டையைக் காட்டி, அதில் இருப்பது போலவே எழுதச் சொல்லுங்கள். கையில் கட்டும் பட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

கடைசியாக, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்தில் உடல்நலக் குறிப்பு. என்ன நோய், எந்த வருடம் கண்டுபிடித்தார்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளும் அளவும், செய்த ஆபரேஷன்கள், எது ஒத்துக்கொள்ளாது என்பதை ஆங்கிலத்தில் எழுதி, பாலிசி அட்டை, ஆதார் நகல்களோடு ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படம் உடன் வருபவர் போனிலும் இருக்கட்டும். நோயாளியின் போன் பூட்டிக் கிடந்தால் அதிலுள்ள எதுவும் உதவாது.

அட்மிட் ஆகும்போது

உயிருக்கு ஆபத்து என்றால் பட்டியல், நெட்வொர்க் எதையும் பார்க்காமல் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாலிசியை அடுத்த மணி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, காய்ச்சல், வாந்தி, எலும்பு முறிவு போன்றது என்றால் நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்கே வண்டியை விடச் சொல்லுங்கள்.

போனதும் டூட்டி டாக்டர் நோய் விவரம் கேட்பார். க்ளெய்ம் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். மனைவியோ மகனோ பதற்றத்தில், அரைகுறை இந்தியில், "சுகர் ரொம்ப வருஷமா இருக்கு" என்று எதையோ சொல்ல, டாக்டர் "பத்து வருடமாக" என்று எழுதிவிடுவார். பாலிசி எடுத்து நான்கு வருடம்தான் ஆகிறது, சர்க்கரை வந்ததோ மூன்று வருடம் முன்பு. ஆனால் கேஸ் ஷீட்டைப் பார்க்கும் நிறுவனம், பாலிசி எடுக்கும்போதே நோயை மறைத்துவிட்டார் என்று முடிவு கட்டும். அதனால் வாயால் சொல்லாதீர்கள். வீட்டில் எழுதிய குறிப்பைக் கொடுத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும், கூட்டியோ குறைத்தோ அல்ல. தவறாக விழுந்துவிட்டது என்று தெரிந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே சிகிச்சை அளிக்கும் டாக்டரிடம் பழைய பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டித் திருத்தி, கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஊர் திரும்பியபின் வாங்கும் திருத்தக் கடிதத்தை நிறுவனம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

உடன் வந்தவர்களில் ஒருவர் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போக வேண்டும். சில ஆஸ்பத்திரிகளில் டி.பி.ஏ. டெஸ்க் என்று எழுதியிருக்கும். டி.பி.ஏ. என்பது காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கவனிக்கும் இடை நிறுவனம். அங்கே கேஷ்லெஸ்ஸுக்கான, அதாவது பில்லை நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவதற்கான, முன் அனுமதிப் படிவம் தருவார்கள். ஒரு பகுதியை நீங்கள் நிரப்ப வேண்டும், இன்னொரு பகுதியை டாக்டர் நிரப்புவார். டாக்டர் பகுதி தாமதமாவதால்தான் பாதி நேரம் போகும். நர்ஸிடம் நினைவூட்டிக்கொண்டே இருங்கள். முழுக் கோரிக்கை போய்ச் சேர்ந்தபின் ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதி.

ராத்திரியில் டெஸ்க் பூட்டியிருக்கும், அட்வான்ஸ் கேட்பார்கள். கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கேஷ்லெஸ் அனுமதி வந்ததும் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். டெஸ்க் இல்லாவிட்டாலும் நிறுவனத்தின் இலவச எண்ணில் நீங்களே அழைத்து, அட்மிட் ஆன விவரத்தைச் சொல்லி, ஒரு பதிவு எண் வாங்குங்கள். அவசர அட்மிஷனுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று பல பாலிசிகளில் இருக்கும். பதிவு எண்ணும் அழைத்த நேரமும் எழுதி வைத்திருந்தால், "தகவலே வரவில்லை" என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

முதலில் வரும் அனுமதித் தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லட்ச ரூபாய் கேட்ட இடத்தில் முப்பதாயிரத்துக்குத்தான் வந்திருக்கும். அது ஆரம்ப அனுமதி. சிகிச்சை போகப் போக ஆஸ்பத்திரி கூடுதல் தொகை கேட்கும். டிஸ்சார்ஜ் அன்று இறுதி அனுமதி வரும். அந்த இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம்தான் கெடு. அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாக அறை வாடகை போட்டால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். சிகிச்சையின்போது உயிரிழப்பு ஏற்பட்டால், க்ளெய்மை உடனே முடித்து உடலை ஆஸ்பத்திரியிலிருந்து விடுவிக்க வைப்பதும் நிறுவனத்தின் கடமை. வெளியூரில் அப்படியொரு நிலையில் நிற்கும் குடும்பத்துக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டும்; கேட்டுப் பெறுங்கள்.

நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். 2024 ஜனவரி 25 முதல் இந்த வசதி வந்திருக்கிறது. அவசர அட்மிஷன் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும், முன்பே திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பும் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியும் ஒத்துக்கொள்ள வேண்டும். சின்ன ஊர்களில் பெரும்பாலும் "பணம் கட்டுங்க, அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கோங்க" என்றுதான் சொல்வார்கள். அதனால் இதை நம்பி அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அட்வான்ஸ் கட்டுமளவுக்குப் பணமோ கிரெடிட் கார்டோ கையில் இருக்க வேண்டும்.

சின்ன நர்ஸிங் ஹோம் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பாலிசியின் கணக்கில் அது ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். அரசுப் பதிவு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கையும், மற்ற இடங்களில் 15 படுக்கையும், முழு நேர டாக்டரும் நர்ஸும், ஆபரேஷன் தியேட்டரும் இருக்க வேண்டும். கோயில் ஊர்களில் லாட்ஜ் பக்கத்தில் இருக்கும் ஐந்து படுக்கை கிளினிக்கில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டால், அந்த பில்லுக்குப் பணம் வருவது கடினம்.

24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்பதும் பொது விதி. டயாலிசிஸ், கண்புரை ஆபரேஷன் போன்ற டே கேர் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டு. கேஷுவாலிட்டியில் பத்து மணி நேரம் வைத்திருந்து அனுப்பினால், வெளிநோயாளிப் பலன் உள்ள பாலிசியாக இருந்தாலொழிய அது கைச்செலவுதான். நெஞ்சுவலி என்று ஒரு ராத்திரி வைத்து, எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்று அனுப்பும்போதும் சிக்கல் வரும்: "பரிசோதனைக்காக மட்டுமே அட்மிஷன்" என்று நிராகரிப்பார்கள். எந்த அறிகுறியோடு வந்தார், ஏன் அட்மிட் செய்ய வேண்டியிருந்தது, என்ன மருந்து கொடுத்தோம் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் விவரமாக எழுதும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

அறை எடுக்கும்போது

"பேஷண்ட்டோட யாராவது தங்கணும்ல, பெரிய ரூமா எடுத்துக்கலாம்" என்று வெளியூரில் எல்லோருக்கும் தோன்றும். அதிகப்படி வாடகையை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. கணக்கைப் பாருங்கள்.

காப்பீட்டுத் தொகை 5 லட்சம், அறை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். மொத்த பில் 2 லட்சம்: அறை வாடகை 40,000, ஆபரேஷன் செய்த டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம், மருந்தும் டெஸ்ட்டும் உடம்பில் பொருத்திய தகடும் 60,000. அறையில் 20,000தான் கிடைக்கும். வரம்பைப் போல இரண்டு மடங்கு அறையை எடுத்ததால், டாக்டர் கட்டணம், தியேட்டர் முதலியவற்றிலும் பாதிதான், 50,000. மருந்து, டெஸ்ட், தகடு 60,000 முழுதாகக் கிடைக்கும். ஆக 1,30,000 வரும். கையிலிருந்து 70,000 போகும். வாடகை வித்தியாசமோ வெறும் 20,000.

இந்த விகிதக் குறைப்பை மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றுக்குச் செய்யக்கூடாது. எல்லா அறைக்கும் ஒரே டாக்டர் கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடாது. ஐ.சி.யூ.வுக்கு உங்கள் பாலிசியில் தனி வரம்பு இருக்கலாம், அது வேறு. செட்டில்மென்ட் கடிதத்தில் மருந்துச் செலவையும் பாதியாக்கியிருந்தால் எதிர்த்துக் கேளுங்கள்.

வரம்புக்குள் அறை காலி இல்லை என்று சொன்னால், அதை இன்சூரன்ஸ் டெஸ்க்கில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, காலியானதும் மாற்றச் சொல்லுங்கள். உடன் வந்தவர் பக்கத்து லாட்ஜில் தங்குவதே மலிவு.

ஊர் திரும்புவதற்கு முன்

கையிலிருந்து பணம் கட்டியிருந்தால், ரயில் ஏறும் முன் எல்லாக் காகிதமும் பையில் இருக்க வேண்டும். வாரணாசியிலிருந்து திருநெல்வேலிக்கு வந்தபின் ஒரு சீல் இல்லை என்று தெரிந்தால், அதற்காக யாரும் திரும்பிப் போகப் போவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, வகைவாரியாகப் பிரித்த இறுதி பில், பணம் கட்டிய ஒவ்வொரு ரசீது, மருந்துச் சீட்டோடு சேர்ந்த மருந்துக்கடை பில்கள், டெஸ்ட் ரிப்போர்ட்டும் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களும், தகடோ ஸ்டென்ட்டோ வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும். இவற்றை எல்லோரும் வாங்கிவிடுவார்கள். விட்டுப்போவது மூன்று: ஆஸ்பத்திரியின் பதிவு எண்ணும் படுக்கை எண்ணிக்கையும் உள்ள லெட்டர்ஹெட் கடிதம், உள்நோயாளிக் கேஸ் ஷீட்டின் நகல், விபத்தாக இருந்தால் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்று ஆஸ்பத்திரி பதியும் குறிப்பு) அல்லது எஃப்.ஐ.ஆர். நகல். கேஸ் ஷீட்டை நிறுவனம் பிறகு கேட்கும் வாய்ப்பு அதிகம், முதல் தடவையே வாங்கிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆன 15 அல்லது 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று இருக்கும். அனுப்புமுன் ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்தபின் தொடரும் மருந்தும் பரிசோதனையும்கூட, பல பாலிசிகளில் 60 நாள் வரை, அதே க்ளெய்மில் சேரும். இதைப் பலர் கேட்பதே இல்லை. கையுறை, முகக்கவசம், உடன் இருப்பவர் சாப்பாடு போன்றவற்றுக்கு, தனி ரைடர் (பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் பாதுகாப்பு) இல்லாவிட்டால், பணம் வராது. நோயாளியை ஆம்புலன்ஸில் சொந்த ஊருக்கு அழைத்துவரும் செலவையும் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. 3,583 மீட்டர் உயரத்திலுள்ள கேதார்நாத் போன்ற இடத்திலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் அதற்கும் ஏர் ஆம்புலன்ஸ் பலன் தனியாக இருக்க வேண்டும். மலையேற்றம், ராஃப்டிங் என்றாலே க்ளெய்ம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவான விலக்குப் பிரிவு தொழில்முறையாக அதில் ஈடுபடுவோரைப் பற்றித்தான் பேசுகிறது. சுற்றுலாவாகப் போய் அடிபட்டால் கேட்டுப் பாருங்கள்.

சாலையிலும் ரயிலிலும்

சாலை விபத்து என்றால் பாலிசியே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2025 மே 5 முதல், நாட்டின் எந்தச் சாலையிலும் மோட்டார் வாகன விபத்தில் காயமடைந்தவருக்கு, விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தர வேண்டும் என்ற மத்திய அரசுத் திட்டம் நடப்பில் இருக்கிறது. இதற்கென அறிவிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில்தான் முழுச் சிகிச்சை. 112ஐ அழைத்தால் அங்கே கொண்டுபோகச் சொல்லலாம். தமிழ்நாட்டுக்குள் விபத்து நடந்தால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், நோயாளி எந்த மாநிலத்தவராக இருந்தாலும்.

ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்கும்போது ஆளுக்கு 45 பைசாவுக்குக் கேட்கும் காப்பீடு ரயில் விபத்துக்கு மட்டும். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை. ரயிலில் நெஞ்சுவலி வந்தால் இது உதவாது. டிக் செய்தபின் மெயிலில் வரும் இணைப்பில் நாமினி பெயரைப் பதியுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வெளிநாடு என்றால் உள்நாட்டுப் பாலிசியைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். கிளம்பும் முன் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவப் பாதுகாப்பு கட்டாயம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. தமிழ்நாட்டில் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. பிற மாநிலத்தில் சிகிச்சை பெறும் வசதி மத்தியத் திட்டத்தினுடையது. உங்கள் குடும்பம் அந்த மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன் 14555ல் கேட்டுவிடுங்கள். மாநில அட்டை கையில் இருப்பதால் மட்டும் வெளிமாநில ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

மறுத்தால்

கேஷ்லெஸ் மறுப்பு என்பது க்ளெய்ம் மறுப்பு ஆகாது. தகவல் போதவில்லை என்றாலும் கேஷ்லெஸ் மறுப்பார்கள். பணம் கட்டிவிட்டு, பிறகு காகிதங்களோடு திரும்பக் கேட்கலாம். அதையும் மறுத்தால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் காரணம் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். பதில் சரியில்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் செய்யலாம். பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடியிருந்தால், முன்பு நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்துக்காக மறுக்க முடியாது. மோசடி என்று அவர்கள் நிரூபித்தால் மட்டுமே முடியும்.

நிறுவனம் மறுத்தபின்போ, ஒரு மாதமாகப் பதிலே தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்வார்கள், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். சிகிச்சை எடுத்தது அமிர்தசரஸாக இருந்தாலும், நீங்கள் வசிப்பது தமிழ்நாட்டில் என்றால் சென்னை அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம்.